தாகக் குழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குகைக்குள் விளக்குப் போட்டவன் நான்தான். வேறு யாராவது கண்டுபிடித்து முகத்துக்கு நேரே சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை. மொத்தம் நூற்றிப் பதினாறு விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒயர் இழுத்து, ஈரம் புகாமல் மூடி போட்டு, எந்தத் தூணின் எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தால் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று யோசித்து யோசித்து வைத்தேன். அப்போது எனக்கு அதில் ரொம்பப் பெருமை இருந்தது.

சுண்ணாம்புக்கல் மலை அது. வெளியிலிருந்து பார்த்தால் புதர் மண்டிய ஒரு குன்று, அவ்வளவுதான். இருநூற்றிப் பன்னிரண்டு படி இறங்கினால்தான் விஷயம். முதல் கூடத்தில் வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும். அந்த நெடி சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. அதைத் தாண்டினால் சுவரெல்லாம் மீசைப் பூச்சிகள். உடம்பு நகம் அளவுதான், மீசை மட்டும் ஒரு சாண் இருக்கும். அப்புறம் மேலிருந்து இறங்கும் கல்லும் கீழிருந்து ஏறும் கல்லும், நடுவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும். வெளியே வெயிலில் தார் உருகும் நாளிலும் உள்ளே ஒரே குளிர்தான்.

ஈரமான சுண்ணாம்புக்கல்லில் வெளிச்சம் விழுந்தால் பாசி பிடிக்கும். இது எனக்கு அப்போது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. விளக்குப் போட்ட ஆறாவது மாதமே ஒவ்வொரு விளக்குக்குப் பக்கத்திலும் பச்சைப் பொடி தூவியதுபோல வந்தது. பிறகு அது தடித்துக் கல்லையே தின்ன ஆரம்பித்தது. அதைக் கழுவ இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தார்கள். அதில் ஒருத்திதான் அண்ணி.

அண்ணி என்றால் கூடப் பிறந்தவனின் மனைவி இல்லை. பணியாளர் குடியிருப்பில் என் அறைக்கு அடுத்த அறை அவர்களுடையது. அவள் புருஷன் குகையைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. எல்லோரும் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி விளக்கணைக்கிற வரைக்கும் வாய் ஓயாது. நடுவில் பல்லுக்கும் தூரிகைக்கும் சண்டை வந்தால்தான் கொஞ்சம் நிறுத்துவார். எனக்கு அவர் அண்ணன், அதனால் அவள் அண்ணி.

கழுவுகிற வேலை கேட்பதற்குச் சுலபம். காலை ஆறு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால் இறங்க வேண்டும். ப்ளீச்சிங் தண்ணியைப் பாசிமேல் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, வழிவதைப் பஞ்சால் ஒற்றி வாளியில் பிழிய வேண்டும். ஒரு சொட்டு தரையில் ஓடக்கூடாது. அந்த வாளியை இருநூற்றிப் பன்னிரண்டு படியும் தூக்கிவந்து வெளியே இருக்கும் தொட்டியில்தான் கொட்ட வேண்டும். சாமான் அறைக் கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள்: "அழுக்குத் தண்ணீரைக் குகைக்குள் ஊற்றாதே." எழுதினவர் ஒரு நாள் அந்த வாளியைத் தூக்கிப் பார்த்திருந்தால் எழுத்து இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

பாதி வழியில், நடைபாதைக்கு ஓரமாக, ஒரு ஆள் கையை விடுகிற அளவுக்கு ஒரு பிளவு உண்டு. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்குத் தாகக் குழி என்று பேர் வைத்ததே அண்ணன்தான். கூட்டத்தை அங்கே நிறுத்தி, கைத்தடியால் கைப்பிடிக் கம்பியைத் தட்டி ஆரம்பிப்பார்.

"எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. வழுக்கும், பாத்து. இந்தக் குழியில ஒரு வாளித் தண்ணி ஊத்துனா என்ன ஆகும்? மூணாம் நாளு மலைக்கு அந்தப் பக்கம் ஆத்துல போய்ச் சேரும்! சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க. நாங்களே சிவப்புச் சாயம் கரைச்சு ஊத்திப் பாத்தோம். மூணாம் நாளு அங்க ஆத்துல துணி தொவைச்சிட்டிருந்த ஒரு அம்மாவோட வெள்ளச் சட்டை அஞ்சும் சிவப்பாயிடுச்சு. அந்தம்மா எங்க ஆபீசுக்கே வந்து சண்டை போட்டுச்சு!"

கூட்டம் கைதட்டிச் சிரிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு சட்டை. வருஷா வருஷம் ஏறி ஐந்தாகிவிட்டது. கூட்டம் வந்த பிறகு அடுத்த கூடத்தின் நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருக்கும் அண்ணி அங்கிருந்தே, "இன்னைக்கு அஞ்சா? நேத்து நாலுதானே!" என்று குரல் கொடுப்பாள். அந்தச் சிரிப்பு இன்னும் ஒரு சுற்று வரும். பதினோரு வருஷமாக அவள் அந்தக் கதையைத் தினம் இரண்டு தடவையாவது கேட்டிருக்கிறாள். சட்டைக் கணக்கைத்தான் அவள் கிண்டல் செய்தாள், ஆற்றை அல்ல.

நடைபாதை முடிகிற இடத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதற்கப்பால் கூட்டம் போகக் கூடாது. குனிந்து, கடைசியில் ஊர்ந்து போனால் ஒரு சின்னக் குளம் வரும். அங்கேதான் வெள்ளை மீன்கள். விரல் நீளம். கண் கிடையாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். அந்தத் தோலும் எவ்வளவு மெல்லிசு என்றால், செவுளுக்குள் ஓடும் ரத்தம் வெளியே இளஞ்சிவப்பாகத் தெரியும். வேறு எந்தக் குளத்திலும் இந்த மீன் இதுவரை அகப்படவில்லை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் ஆராய்ச்சிக்கார அம்மா சொல்லியிருக்கிறார். அவரை நாங்கள் மீன் டாக்டர் என்போம். அவர் வராத நாட்களில் எண்ணிக்கை எடுக்கும் பொறுப்பு அண்ணனுக்கு.

திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. அன்று அண்ணன் சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு போய், ஒரு பலகைமேல் குப்புறப் படுத்து, சரியாக ஒரு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் எண்ணுவார். ரேடியோ மூச்சுக் காட்டாமல் இருப்பது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான். வாலில் கொஞ்சம் கிழிந்த ஒரு மீனுக்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தார், யாரையும் பக்கத்தில் சேர்க்காதாம். திரும்பி வரும்போது உடம்பெல்லாம் சேறும் முகமெல்லாம் சிரிப்புமாக வருவார்.

"என்ன, சின்ன வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பாள் அண்ணி.

"சௌக்கியம். முப்பத்தெட்டு பேரு. உன்னைக் கேட்டாங்க."

"கேப்பாங்க, கேப்பாங்க. ஒரு நாளாவது என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனீங்களா?"

"போலாம், போலாம். மீன் டாக்டரம்மா கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

"பதினோரு வருஷமா கேக்கறீங்க."

அவர் சிரித்துவிட்டு முகம் கழுவப் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் மாட்டார். குளம் தனக்கு மட்டும் என்று இருந்ததில் அவருக்கு ஒரு சுகம். இது என் ஊகம்தான்.

அந்த வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. குகைக்குள் சொட்டுவதே குறைந்துவிட்டது. பள்ளிக்கூட விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, "லீவுக் கூட்டம் வர்றதுக்குள்ள ஒரு இடத்துல பச்சை தெரியக் கூடாது" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அண்ணிக்குக் கூட்டாளியான இன்னொரு பெண் மகளின் பிரசவத்துக்காக லீவில் போயிருந்தாள். இரண்டு பேர் வேலை அண்ணி தலையில் விழுந்தது. அவளுக்கு இடது முட்டி வேறு வீங்கியிருந்தது.

"துணைக்கு ஆள் கேளுங்க அண்ணி," என்றேன்.

"கேட்டாச்சு. பாக்கலாம்னாரு. அவரு பாக்கறதுக்குள்ள பாசி ஒரு முழம் வளந்துடும்."

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளில் முப்பது வாளிக்குமேல் சேர்ந்திருக்கும். சனிக்கிழமை காலை ஒரு விளக்கின் மூடியை மாற்ற ஏணிமேல் நின்றிருந்தேன். அண்ணி வெறும் வாளியோடு கீழிருந்து திரும்பி வந்தாள். மேலே போகாமல் வாளி எப்படிக் காலியானது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. அவள் என்னைப் பார்த்து, ஏதோ திருடித் தின்று அகப்பட்டவள்போல ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"ஆத்துக்கு அனுப்பிட்டேன் தம்பி. யாரோட சட்டை வெளுக்குதோ, வெளுக்கட்டும்."

நானும் சிரித்தேன். இந்த முட்டியோடு எப்படித்தான் ஏறுவாள், போகட்டும் என்று நினைத்தேன். என் பங்கு விளக்கோடு நின்றுவிடவில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை அண்ணன் எண்ணப் போனபோது நானும் கூடப் போனேன். அவர் சிவப்பு விளக்கில் பேட்டரி சரியில்லை, வழியில் பார்த்துத் தருகிறேன் என்றிருந்தேன். கயிற்றைத் தாண்டிக் குனியும்போதே வாடை வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா வாடை. அண்ணன் ஒரு நொடி நின்றார். அப்புறம் முட்டியும் முழங்கையும் சிராய்ப்பதைப் பார்க்காமல் ஊர்ந்து போனார்.

மீன்கள் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. இளஞ்சிவப்பெல்லாம் போய் வெறும் வெள்ளையாக இருந்தன. மீசைப் பூச்சிகள் அதற்குள் மோப்பம் பிடித்து வந்து, ஓரத்தில் கிடந்தவற்றைத் தின்ன ஆரம்பித்திருந்தன. அண்ணன் அவற்றை விரட்டினார். விரட்டிக்கொண்டே, வாய்விட்டு எண்ணினார். ஒவ்வொன்றாக எடுத்துப் பலகைமேல் வைத்தார். முப்பத்தேழு.

"மாமியாரைக் காணோம்," என்றார். "வால் கிழிஞ்சது இதுல இல்ல."

"எங்கயாவது கல்லுக்கடியில இருக்கும்ணே."

அவர் கையைத் தண்ணீரில் நனைத்து மூக்கருகே கொண்டுபோனார். "ப்ளீச்சிங். எப்படிடா இங்க வந்துச்சு?"

நான் மென்று முழுங்கினேன். கடைசியில் சொன்னேன். "தாகக் குழியில ஊத்தியிருப்பாங்கண்ணே."

"யாரு?"

"அண்ணிதான். முட்டி வலின்னு..."

"அதுல ஏன் ஊத்துனா? உள்ள ஊத்தக் கூடாதுன்னு தெரியாதா அவளுக்கு?"

"ஆத்துக்குப் போகும்னுதான்."

"ஆத்துக்குப் போகும்னு எவன் சொன்னான்?"

"நீங்கதாண்ணே."

சிவப்பு வெளிச்சத்தில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. "அது கதைடா," என்றார். "சாயமும் கிடையாது, சட்டையும் கிடையாது. ஆரம்பத்துல ஒரு நாளு கூட்டம் உம்முன்னு இருந்துச்சு. சிரிக்கட்டுமேன்னு சொன்னேன். சிரிச்சாங்க."

திரும்பி வரும்போது படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட நீ மூச்சு விடாதே. நானே சொல்லிக்கிறேன்."

நான் தலையாட்டினேன். அவர் சொல்லவில்லை.

மீன் டாக்டர் அடுத்த நாளே வந்தார். அவர் கத்தவில்லை, திட்டவும் இல்லை. பலகையில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் புட்டியில் போட்டார். பிறகு, உயிருக்கு ஒன்றும் செய்யாத சாயம் என்று ஒரு பொட்டலத்தைக் கரைத்துத் தாகக் குழியில் ஊற்றச் சொன்னார். ஊற்றியது அண்ணன். நாற்பதாவது நிமிஷம் குளத்தின் ஓரம் சிவந்தது. இத்தனை வருஷம் வாயால் ஊற்றிய சாயத்தை அன்றுதான் அண்ணன் கையால் ஊற்றினார். மழைக்காலமாக இருந்திருந்தால் தண்ணீர் நிறைய இருந்து மருந்தின் வீரியம் குறைந்திருக்கும், கொஞ்சமாவது பிழைத்திருக்கும் என்றார் மீன் டாக்டர்.

மேலாளர் அறையில் விசாரணை நடந்தது. விளக்குகளைப் பற்றிக் கேட்பதற்காக என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அண்ணன் சுவரோரம், ஜன்னலைப் பார்த்தபடி.

"வெளிய கொண்டுவரணும்னு தெரியும்தானே?" என்றார் மீன் டாக்டர்.

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் அங்க ஊத்துனீங்க? அது எங்க போகும்னு நினைச்சீங்க?"

அண்ணி ஒரு தடவை திரும்பி அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இப்போது வாயைத் திறப்பார், இதோ திறக்கிறார் என்று காத்திருந்தேன். கூரை ஓட்டில் ஏதோ பறவை நடந்தது. அண்ணன் தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை.

"எதுவும் நினைக்கலைங்க," என்றாள் அண்ணி. "கால் வலிச்சுது. பக்கத்துல இருந்துச்சு. ஊத்திட்டேன். என் சோம்பேறித்தனம்தான்."

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குகையைப் பத்து நாள் மூடினார்கள். அண்ணன்மேல் ஒரு கேள்வியும் வரவில்லை. அன்றிலிருந்து ரேடியோ பேசுவதை நிறுத்திவிட்டது.

என் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் இருப்பது அரைச் செங்கல் சுவர். பதினோரு வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டி வந்த பேச்சைக் கேட்டு நான் எத்தனையோ தடவை தலையிலடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது தட்டு வைக்கிற சத்தம், குழாய் திறக்கிற சத்தம், பாய் விரிக்கிற சத்தம், அவ்வளவுதான் வந்தது. "சோறு வைக்கவா?" என்று அண்ணி கேட்பாள். பதில் இருக்காது. "முட்டை அவிச்சிருக்கேன்." பதில் இருக்காது. அவர் வேளைக்குச் சாப்பிட்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அண்ணி வாசல்படியில் உட்கார்ந்து டீக் கெண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தண்ணீரில் எதைக் காய்ச்சினாலும் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். எலுமிச்சம் பழத்தோலைப் போட்டு ஊறவைத்து அதைச் சுரண்டுவாள். அன்று சுரண்டச் சுரண்ட நிறுத்தவே இல்லை.

"கெண்டி ஓட்டையாயிடும் அண்ணி."

"கழுவித்தானே பழக்கம் எனக்கு." கெண்டியைக் கீழே வைத்தாள். "தம்பி, அவரு திட்டுனாக்கூடப் பரவாயில்ல. ரெண்டு அறை வெச்சாக்கூடத் தாங்கிக்குவேன். இப்படி ஊமையா உக்காந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"விசாரணையில ஏன் நீங்க சொல்லல? ஆத்துக்குப் போகும்னு அண்ணன்தானே தினம் தினம்..."

"சொன்னா? அவரை அனுப்பிடுவாங்க. கழுவறவ நான் எங்க போனாலும் கழுவிப் பிழைச்சுக்குவேன். அவருகிட்ட அந்த வாயத் தவிர வேற என்ன இருக்கு?"

கெண்டிக்குள் கிடந்த எலுமிச்சம் பழத்தோலை எடுத்து எறிந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்போ ஊத்துன சாயம் ஆத்துல வந்துச்சுன்னாரு. இப்போ ஊத்துனது குளத்துல வருதாம். மலைக்குள்ள வழி எதுவும் மாறிடுச்சா தம்பி? அப்படி மாறுமா?"

அவர் பொய் சொன்னார் என்பதைவிட மலை வழி மாற்றிக்கொண்டது என்பதை நம்ப அவள் தயாராக இருந்தாள்.

"அதை நீங்க அண்ணனையே கேளுங்க."

"பேசுனாத்தானே கேக்கறதுக்கு? அவரு பொய் சொல்லியிருந்தார்னா எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தா நல்லாருக்கும் தம்பி. இப்போ என் கையைப் பாத்தாத்தான் எனக்கு அருவருப்பா இருக்கு. சோறு பிசையப் பிடிக்கல." கையை விரித்துக் காட்டினாள். ப்ளீச்சிங் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோலுரிந்த கை. "முப்பத்தேழு உசிரு. நான் ஒரு தடவைகூட அதுங்களப் பாத்ததில்ல. பாக்காமலே கொன்னுட்டேன்."

அன்றைக்கே சொல்லிவிட்டிருக்கலாம். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. சாயங்காலம் அண்ணனைத் தனியாகப் பிடித்து, "எப்போ சொல்லப்போறீங்க?" என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

குகையைத் திறந்தார்கள். அண்ணனும் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போனார். வழுக்கும், தலை இடிக்கும், இது வௌவால், இது தூண். தாகக் குழி வந்தால் நிற்காமல் நடந்தார். பழைய ரேடியோவைக் கேட்டவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லாததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான்காம் நாள் டிக்கெட் வரிசையில் அண்ணி நின்றாள். கல்யாணத்துக்குப் போகிறவள்போலத் தலைசீவி, நல்ல சேலை கட்டியிருந்தாள். டிக்கெட் கொடுப்பவருக்குச் சங்கடமாகிவிட்டது. "நீங்க எதுக்கும்மா டிக்கெட் வாங்கிக்கிட்டு..." என்று இழுத்தார். "வேலையில இல்லாதவங்க டிக்கெட் வாங்கித்தானே போகணும்? கொடுங்க," என்றாள். நான் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். வேலை எதுவும் இருக்கவில்லை.

அண்ணன் அவளைப் பார்த்துவிட்டார். வௌவால் கூடத்தில் சொல்ல வேண்டியதைப் பாதியில் விட்டுவிட்டு நகர்ந்தார். அவள் கூட்டத்தின் கடைசியில், கம்பியைப் பிடித்து இடது காலை இழுத்து இழுத்து வந்தாள். தாகக் குழியைத் தாண்டி அண்ணன் பத்தடி போயிருப்பார்.

"வழிகாட்டி ஐயா, ஒரு சந்தேகம்," என்றாள் அண்ணி.

கூட்டம் நின்றது. அவரும் நின்றார். திரும்பவில்லை.

"இந்தக் குழியில தண்ணி ஊத்துனா எங்க போகும்?"

எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். நான் அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லத்தான் போகிறார், ஐந்து சட்டையும் வரப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் திரும்பினார்.

"கீழ ஒரு குளம் இருக்கு. அங்க போகும்."

"எப்படித் தெரியும்?"

"என் பொண்டாட்டி ஊத்தினா," என்றார். அந்த வாய், பதினோரு வருஷம் ஓயாத அந்த வாய், கோணிக்கொண்டது. "அழுக்குத் தண்ணிய ஊத்தினா. ஆத்துக்குப் போகும்னு நான் ஒரு கதை கட்டிவிட்டிருந்தேன். கூட்டம் சிரிக்கணும்னு. எனக்கு அது எங்க போகும்னே தெரியாது. நான் சொன்னேன்னு நம்பி ஊத்தினா. குளத்துல இருந்த மீனெல்லாம் செத்துப்போச்சு."

யாரோ ஒருத்தர் அதையும் வேடிக்கைக் கதை என்று நினைத்துச் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சரிங்க," என்றாள் அண்ணி. "தெரிஞ்சுக்கிட்டேன்."

அவள் திரும்பி நடந்தாள். அண்ணனால் அவள் பின்னால் வர முடியாது. கூட்டத்தைக் குகைக்குள் தனியே விட்டுவிட்டு வழிகாட்டி எங்கும் போகக் கூடாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, இப்படி வாங்க, வழுக்கும்," என்று சொல்வது எங்கள் பின்னால் கேட்டது.

படியில் பாதிக்குமேல் அவளால் ஏற முடியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"எப்போலேர்ந்து?"

"அந்தத் திங்கக்கெழமையிலேர்ந்து."

"நல்லாருங்க ரெண்டு பேரும்," என்றாள். வாளியோடு அவள் ஏறிய அதே படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். மேலேயிருந்து இறங்கி வந்த அடுத்த கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கிளம்பியது. எல்லாம் அண்ணியின் குரல். "ஒரு வார்த்தை! இத்தனை நாளா, ஒரே ஒரு வார்த்தை! அந்த ரூம்ல என்னைத் தனியா நிக்க விட்டீங்களே, ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னீங்களே!" ஒரு தட்டு விழுந்து உருண்டது. என் வாழ்க்கையில் ஒரு சண்டையைக் கேட்டு அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது அன்றுதான். அண்ணன் அழுவதும் கேட்டது. அதன்பிறகு நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுநாள் அண்ணன் தானே போய் மேலாளரிடமும் மீன் டாக்டரிடமும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அவரை வழிகாட்டி வேலையிலிருந்து எடுத்து வாசலில் டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். அங்கே பேச வேண்டியதில்லை. அண்ணியைத் திரும்ப எடுக்கவில்லை. விதி விதிதான் என்றார்கள். என்னிடம் எழுபது விளக்குகளைக் கழற்றச் சொன்னார்கள். நான் அவர்கள் கேட்டதற்குமேல் எட்டு கழற்றினேன், இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை. காணாமல்போன அந்த ஒன்றைத் தேட வேண்டும் என்றார் மீன் டாக்டர். ஒன்று இருந்தாலும் இனம் பிழைக்காது, ஆனாலும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்றார். அண்ணன் அவரிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார். துணைக்கு ஆள் இருந்தால் நல்லதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை கயிற்றுக்குப் பக்கத்திலிருந்த விளக்கை நான் கழற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் முன்னால் ஊர்ந்து போனார். அண்ணி முட்டிக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். படியில் அவர் கை கொடுத்தபோது அவள் பிடித்துக்கொள்ளவில்லை. சிவப்பு விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் திருகாணிகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இல்ல," என்று அண்ணன் குரல் வந்தது.

"அந்தக் கல்லுக்கடியில?"

"பாத்துட்டேன். இல்ல."

தண்ணீர் சொட்டியது. பிறகு அண்ணியின் குரல், ரொம்பத் தாழ்ந்து.

"எப்படி இருக்கும் அதுங்க?"

அண்ணன் பேச ஆரம்பித்தபோது அது ரேடியோவின் குரலாக இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார்.

"விரல் நீளம்தான் இருக்கும். கண்ணு இருக்காது. வெள்ளை. செவுள் பக்கத்துல மட்டும் லேசா சிவப்பு. தண்ணியில நாம கைய வெச்சு அசைக்காம இருந்தோம்னா, கொஞ்ச நேரத்துல கிட்ட வரும். வந்து விரல் நுனியத் தொட்டுப் பாக்கும். பயப்படாது."

"கையத் தொடுமா?"

"தொடும்."

"நிஜமாவாங்க?"

"நிஜம்," என்றார் அண்ணன். "இது நிஜம்."

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீருக்குள் யாரோ கையை மெல்ல வைக்கிற சத்தம் வந்தது.